வைட்டமின் ஈ: ரத்தத்தில் ஏறுவதும் இறங்குவதும்

கொல்கத்தாவில் கரியாஹாட், ஷியாம்பஜார், பெஹாலா என்று எந்தப் பக்கம் போனாலும், மருந்துக் கடைக்காரர் சீட்டுக் கேட்காமல் எடுத்துக் கொடுக்கும் சரக்குகளில் வைட்டமின் ஈ காப்ஸ்யூலும் ஒன்று. பச்சை நிறம், வழுவழுப்பு, பெரும்பாலும் 400 மில்லிகிராம். ஊசியால் குத்திப் பிழிந்து முகத்தில் தடவுகிறவர்கள் உண்டு. முடி கொட்டுகிறதென்று தேங்காய் எண்ணெயில் கலக்கிறவர்கள் உண்டு. இரவில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறதென்று விழுங்குகிறவர்களும் நிறைய. தோலுக்கும் முடிக்கும் அது செய்வதும் செய்யாததும் தனிக்கதை. விழுங்கியபின் ரத்தத்தில் என்ன நடக்கிறது, அங்கே ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் மற்ற ஆன்டி ஆக்சிடன்ட்டுகளை அது என்ன செய்கிறது என்பதுதான் இங்கே கேள்வி. நாற்பது ஆண்டு ஆய்வுகள் சொல்லும் விடை விளம்பரங்கள் சொல்வதோடு ஒத்துப்போகவில்லை. காப்ஸ்யூல் ஒன்றை ஏற்றும்போதே இன்னொன்றை இறக்கிவிடுகிறது. ஏறியதால் பெரும்பாலோருக்கு நன்மை கிடைத்தது என்பதற்கும் சான்று மெலிவாகவே இருக்கிறது.

இந்தக் கேள்வியைக் கேட்கக் கொல்கத்தா பொருத்தமான ஊர். இந்தியாவில் வைட்டமின் ஆராய்ச்சி வேர்விட்ட இடங்களில் இது முக்கியமானது. வைட்டமின்களுக்கு ஏ, பி, சி என்று எழுத்து வரிசையில் பெயர் வைக்கலாம் என 1920ல் சொன்ன ஜாக் டிரம்மண்டிடம் லண்டனில் பயின்றவர் பீரேஷ் சந்திர குஹா. கேம்பிரிட்ஜில் ஹாப்கின்ஸிடமும் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, 1936ல் கொல்கத்தா பல்கலைக்கழகத்தில் பயன்பாட்டு வேதியியல் பேராசிரியரானார். முட்டைக்கோசில் வைட்டமின் சி எப்படிக் கட்டுண்டு கிடக்கிறது என்று ஆராய்ந்தவர். 1943 பஞ்சத்தின்போது தாவரப் புரதத்திலிருந்து பால் செய்யும் வழியைத் தேடியவர். அதே பல்கலைக்கழகத்தின் இந்து பூஷண் சட்டர்ஜி, எந்த உயிரினங்கள் வைட்டமின் சியைத் தாமே தயாரித்துக்கொள்கின்றன, எவை அந்தத் திறனை இழந்தன என்பதைப் பரிணாம வரிசையில் தடம்பிடித்து 1973ல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார். மனிதன் இழந்தவன். இந்த விவரம் வைட்டமின் ஈக்கும் வேண்டும், பின்னால் வருகிறது.

வைட்டமின் ஈயை 1922ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஹெர்பர்ட் எவன்ஸும் கேதரின் ஸ்காட் பிஷப்பும் கண்டுபிடித்தார்கள். அது இல்லாத தீனி தின்ற எலிகளுக்குக் கரு நிலைக்கவில்லை. 1936ல் கோதுமை முளை எண்ணெயிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். 1938ல் சுவிட்சர்லாந்தில் பால் காரர் ஆய்வகத்தில் செயற்கையாகவே தயாரித்துவிட்டார். அப்போதெல்லாம் அது கருத்தரிப்பு வைட்டமின். ஆன்டி ஆக்சிடன்ட் என்ற பட்டம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

வைட்டமின் ஈ என்பது ஒரே பொருள் அல்ல. நான்கு டோக்கோஃபெரால்கள், நான்கு டோக்கோட்ரையீனால்கள், ஆக மொத்தம் எட்டு. ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டா என்று ஒவ்வொரு குடும்பத்திலும் நான்கு பிள்ளைகள். சாப்பாட்டில் எட்டும் கலந்து வருகின்றன. காப்ஸ்யூலில் இருப்பதோ ஏறக்குறைய எப்போதும் ஆல்ஃபா மட்டும். அட்டையில் 'டோக்கோஃபெரில் அசிடேட்' என்று சின்ன எழுத்தில் இருக்கும். சோதனைக்கூடச் சீட்டில் 'வைட்டமின் ஈ' என்று வரும் எண்ணும் பெரும்பாலும் ஆல்ஃபாவுடையதே. மாத்திரையிலும் ஆல்ஃபா, அளப்பதும் ஆல்ஃபா. மற்ற ஏழுக்கும் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்காமல் பல பத்தாண்டுகள் ஓடின.

எண்ணெயில் கரையும் பொருளாகையால் இது ரத்தத்தில் தானாக மிதக்க முடியாது. கொழுப்பைச் சுமக்கும் துகள்களில் ஏறித்தான் பயணம் செய்யும். குடலிலிருந்து கைலோமைக்ரான் துகள்கள் எட்டு வகையையும் ஏறக்குறைய பாரபட்சமில்லாமல் கல்லீரலுக்குக் கொண்டுவருகின்றன. பாரபட்சம் கல்லீரலில் தொடங்குகிறது. அங்கே ஆல்ஃபாவை மட்டும் அடையாளம் கண்டு கைப்பிடித்து ஏற்றிவிட ஒரு புரதம் இருக்கிறது. அது ஆல்ஃபாவை வி.எல்.டி.எல். துகளில் வைத்து மீண்டும் ரத்தத்துக்கு அனுப்புகிறது, அங்கிருந்து எல்.டி.எல்., எச்.டி.எல். துகள்களுக்கும் அது போய்ச் சேர்கிறது. காமா முதலான மற்றவற்றைச் சைட்டோகுரோம் குடும்பத்து நொதி ஒன்று வால்பக்கமாக வெட்டிக்கொண்டே வந்து சிறுநீரில் தள்ளிவிடுகிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் சான்டாக், பார்க்கர் இருவரும் 2002ல் இந்த நொதியை இனங்கண்டார்கள். ரத்தத்தில் ஆல்ஃபா பாதியாகக் குறைய இரண்டு நாளுக்கு மேலாகிறது. காமாவுக்கு அரை நாள் போதும். ஆல்ஃபாவைக் கைப்பிடிக்கும் புரதம் பிறவியிலேயே பழுதானவர்களுக்கு நடை தள்ளாடும், நரம்பு தளரும். அவர்களுக்கு வைட்டமின் ஈ உயிர்காக்கும் மருந்து. அதில் எந்தச் சர்ச்சையும் இல்லை.

இப்போது ஊரின் சமையலறைக்கு வருவோம். வங்காளிக்குக் கடுகெண்ணெய் இல்லாமல் சமையல் இல்லை. கடுகெண்ணெயில் ஆல்ஃபாவைவிடக் காமாதான் அதிகம். சோயா எண்ணெயும் காமா பக்கம். சூரியகாந்தி எண்ணெய் ஆல்ஃபா பக்கம். லேக் மார்க்கெட்டைச் சுற்றிக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் விடாமல் வாங்கும் நல்லெண்ணெயில் ஆல்ஃபா ஏறக்குறைய இல்லை. முழுக்க முழுக்கக் காமா. இதில் ஒரு சுவாரசியம் உண்டு. எள்ளில் இருக்கும் செசாமின் என்ற பொருள், காமாவை வெட்டும் அந்த நொதியின் கையைக் கட்டிப்போடுகிறது. ஹவாயில் ராபர்ட் கூனி குழுவினர் 2001ல் சிலருக்கு எள் கலந்த பண்டத்தை மூன்று நாள் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் காமா 19 சதவீதம் கூடியது. அதே அளவு காமாவை வால்நட்டிலும் சோயா எண்ணெயிலும் கொடுத்தபோது கூடவில்லை. இட்லிப் பொடிக்கு நல்லெண்ணெய்தான் ஊற்றவேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு இது ஆறுதலான செய்தி. ஆனால் ஆள் கணக்கு மிகச் சிறிது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சினால் டோக்கோஃபெரால் அழியும். புகை வரும்வரை கடுகெண்ணெயைக் காய்ச்சி மீன் பொரிக்கும்போது ஒரு பகுதி போய்விடுகிறது. ஜால்முரியிலும் மசித்த உருளைக்கிழங்கிலும் பச்சையாக ஊற்றும் எண்ணெயில் அது அப்படியே இருக்கிறது.

ஆக, இந்த ஊர்க்காரர் ஒருவர் தினமும் எண்ணெயிலிருந்து சில மில்லிகிராம் காமாவைச் சாப்பிடுகிறார். பிறகு 400 மில்லிகிராம் ஆல்ஃபாவை விழுங்குகிறார். என்ன ஆகும்?

இதற்கு முதல் தெளிவான விடை 1985ல் வந்தது. கேரி ஹேண்டல்மன் முதலியோர் ஆல்ஃபா கொடுத்தவர்களின் ரத்தத்தை அளந்தபோது ஆல்ஃபா ஏறியிருந்தது, காமா சரிந்திருந்தது. அப்போது பெரிதாக யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2003ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஹுவாங், ஆப்பல் இருவரும் கேள்வியை இன்னும் கறாராகக் கேட்டார்கள். புகைபிடிக்காத 184 பேர். சிலருக்கு வைட்டமின் ஈ 400 யூனிட், சிலருக்கு வைட்டமின் சி, சிலருக்கு இரண்டும், சிலருக்கு வெற்று மாத்திரை; இரண்டு மாதம். வைட்டமின் ஈ சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் காமா 58 சதவீதம் வீழ்ந்தது. டெல்டாவோ, கருவிக்குத் தென்படும் அளவில் இருந்தவர்களின் எண்ணிக்கையே குறைந்துபோனது. யாரோ ஓரிருவருக்கு நேர்ந்த விபத்து என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஆல்ஃபா வெள்ளமாக வந்தால் கைப்பிடித்து ஏற்றும் புரதம் அதிலேயே மூழ்கிப்போகிறது; வெட்டும் நொதியும் மும்முரமாகிறது; காமாவுக்கு வாசல் மட்டுமே மிச்சம்.

காமா போனால் போகட்டுமே, அதைவிடப் பத்து மடங்கு ஆல்ஃபா இருக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வேதியியல் தரும் பதில் இது. ஆல்ஃபா மூலக்கூறின் வளையத்தில் மீத்தைல் தொகுதி நிரம்பிய ஓரிடம், காமாவில் காலியாக இருக்கிறது. அந்தக் காலியிடத்தில் நைட்ரஜன் ஆக்சைடுகள் வந்து பிணைந்து மாட்டிக்கொள்கின்றன. ஆல்ஃபாவால் அதைச் செய்ய முடியாது. 1993ல் கூனியும், 1997ல் புரூஸ் ஏம்ஸ் ஆய்வகத்தின் கிறிஸ்டனும் இதைக் காட்டினார்கள். காமா சிதைந்து வரும் பொருளொன்று சிறுநீரில் சோடியத்தை வெளியேற்ற உதவுகிறது என்று 1996ல் லோமா லிண்டாவின் வெக்டர் குழு சொன்னது. பழைய டீசல் பேருந்துகளும் சரக்கு லாரிகளும் உமிழும் நைட்ரஜன் டை ஆக்சைடைத் தினமும் சுவாசிக்கும் ஊர் கொல்கத்தா. நகரக் காற்று நுரையீரலையும் ரத்த அணுக்களையும் என்ன செய்கிறது என்று சித்தரஞ்சன் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பல்லாண்டுகள் பார்த்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட ஊரில் நைட்ரஜன் ஆக்சைடைப் பிடிக்கும் பொருளை ரத்தத்திலிருந்து விரட்டுவது புத்திசாலித்தனமா என்று தோன்றுவது இயல்பு.

ஆனால் அந்தத் தோன்றலை நிரூபணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. காமாவைப் பற்றிய மக்கள்தொகை ஆய்வுகள் இரண்டு பக்கமும் இழுக்கின்றன. மேரிலாந்தின் வாஷிங்டன் கவுன்டியில் கேத்தி ஹெல்சவர் குழு 2000ல் வெளியிட்ட ஆய்வில், ரத்தத்தில் காமா மிக அதிகமாக இருந்த ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் வாய்ப்பு மிகக் குறைந்தவர்களைவிட ஐந்தில் ஒரு பங்காக இருந்தது. ஆல்ஃபாவின் பாதுகாப்பும் காமா நிறைய இருந்தவர்களிடம்தான் தெரிந்தது. மறுபக்கம், அமெரிக்க இளவயதினரைப் பல ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வொன்றை 2014ல் அலசிய குக்-மில்ஸ் குழு, காமா மிக உயர்ந்தவர்களுக்கு மூச்சுத்திறன் குறைவாக இருந்ததாகச் சொன்னது. உடல் பருத்தவர்களிடமும் புகைபிடிப்பவர்களிடமும் காமா கூடுதலாகக் காணப்படுவதும் உண்டு. ஆகவே காமாவை நாயகனாக்கிப் புதுக் காப்ஸ்யூல் விற்கக் கிளம்புவதும் பழைய தவறின் மறுபதிப்பாகவே முடியும். 'கலப்பு டோக்கோஃபெரால்' என்று இப்போது அட்டையில் போட்டு விற்பதைப் பார்த்தால் கிளம்பிவிட்டார்கள் என்றே தெரிகிறது.

அடுத்து வைட்டமின் சி. ஆல்ஃபா ஒரு கட்டற்ற மூலக்கூறைத் தணித்துவிட்டுத் தானே அரைகுறை மூலக்கூறாகி நிற்கும். அதைப் பழையபடி ஆக்கிவிடுவது நீரில் கரைந்திருக்கும் வைட்டமின் சி. 1979ல் சோதனைக் குழாயில் இதை நேரடியாகப் பார்த்தார்கள். பழையபடி ஆக்க யாரும் இல்லாவிட்டால்? ஆஸ்திரேலியாவில் பௌரி, ஸ்டாக்கர் இருவரும் 1990களின் தொடக்கத்தில் எல்.டி.எல். துகளைத் தனியே வைத்துச் செய்த சோதனைகள் சங்கடமான விடையைத் தந்தன. துணைக்கு ஆளில்லாத ஆல்ஃபா, துகளுக்குள் ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பதற்குப் பதிலாகச் சங்கிலிபோலக் கடத்திவிடவும் கூடும். ஒரு எல்.டி.எல். துகளில் சராசரியாக ஆறு ஏழு ஆல்ஃபா மூலக்கூறுகள்தான் இருக்கின்றன. அவற்றை இரட்டிப்பாக்கி, துணையை அப்படியே விட்டால் என்ன பயன் என்பது திறந்தே கிடக்கும் கேள்வி. புகைபிடிப்பவர்களின் ரத்தத்திலிருந்து வைட்டமின் ஈ வேகமாக மறைவதையும், வைட்டமின் சி கொடுத்தால் அந்த வேகம் இயல்புக்கு வருவதையும் ரிச்சர்ட் புரூனோ, மாரெட் டிரேபர் குழு 2005, 2006ல் காட்டியது. சிகரெட் புகையில் உள்ள நச்சுப்பொருளிலிருந்து வைட்டமின் சி காக்கிறது என்று சட்டர்ஜி தம் பிற்கால ஆய்வுகளில் கொல்கத்தாவிலிருந்து சொல்லிவந்ததும் இந்தப் பக்கம்தான் சாய்கிறது. வைட்டமின் சியைச் செய்யும் திறனை இழந்த விலங்குக்கு வைட்டமின் ஈயை மட்டும் கொட்டுவது பாதிக் கணக்கு.

மொத்த ஆன்டி ஆக்சிடன்ட் திறன் என்று சில சோதனைக்கூடங்கள் ஒரு எண் தருகின்றன. அதை நம்பிக் காசு செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து. இவ்வகைச் சோதனைகளில் பிரபலமானதொன்றைக் கொண்டுவந்த பென்சியும் ஸ்ட்ரெயினும் 1996ல் காட்டியபடி, அந்த எண்ணில் பாதிக்கு மேல் யூரிக் அமிலத்தின் பங்கு. வைட்டமின் ஈயின் பங்கு மிகச் சொற்பம். கீல்வாதக்காரருக்கு இந்த எண் அருமையாக வரும்! வைட்டமின் ஈ அளவையேகூடத் தனியே பார்த்துப் பயனில்லை; கொலஸ்ட்ரால் கூடினால் அதைச் சுமக்கும் துகள் கூடும், வைட்டமின் ஈயும் கூடியதுபோலத் தெரியும். கொழுப்போடு விகிதம் போட்டுப் பார்க்கவேண்டும்.

சரி, ஆல்ஃபா ஏறியதால் ரத்தக் கொழுப்பின் ஆக்சிஜனேற்றம் உண்மையில் குறைந்ததா? டல்லஸில் ஈஸ்வர்லால் ஜியாலால் 1995ல் 60 முதல் 1200 யூனிட் வரை படிப்படியாகக் கொடுத்தபோது, 400 யூனிட்டும் அதற்கு மேலும்தான் எல்.டி.எல். ஆக்சிஜனேற்றத்தை எதிர்த்து நின்றது. ஆனால் அந்த எல்.டி.எல். உடம்புக்கு வெளியே, குழாயில் சோதிக்கப்பட்டது. உடம்புக்குள் நடக்கும் சேதத்தின் தடயமான ஐசோபுரொஸ்டேன்களை அளந்தால் படம் மாறுகிறது. 2001ல் மெகர் குழு ஆரோக்கியமானவர்களுக்கு 200 முதல் 2000 யூனிட் வரை எட்டு வாரம் கொடுத்தும் அவை அசையவில்லை. கொலஸ்ட்ரால் கூடியவர்களிடம் 2007ல் ஜாக்சன் ராபர்ட்ஸ் பார்த்தபோது, 1600 யூனிட்டை எட்டியபின்தான், அதுவும் பதினாறு வாரம் சாப்பிட்டபின்தான் குறைந்தன. அந்த அளவு, அமெரிக்க மருத்துவக் கழகம் 2000ல் விதித்த உச்சவரம்பான 1000 மில்லிகிராமைச் சற்றே தாண்டுகிறது. அன்றாடத் தேவை என்று அதே கழகம் சொன்னது வெறும் 15 மில்லிகிராம்.

பெரிய சோதனைகளின் கதையை இந்தியர்கள் பலர் கேட்டிருப்பார்கள், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1996ல் கேம்பிரிட்ஜில் 2,002 இதய நோயாளிகளிடம் மாரடைப்பு குறைந்ததாக வந்த செய்திதான் பெரும் நம்பிக்கையைக் கிளப்பியது. கேரளத்தில் பிறந்து பெங்களூரில் மருத்துவம் படித்த சலீம் யூசுஃப் கனடாவிலிருந்து நடத்திய ஹோப் சோதனை, 2000ல் 9,541 பேரிடம் 400 யூனிட்டால் ஒரு பயனும் இல்லை என்றது. 2005ல் அதன் தொடர்ச்சி, இதயச் செயலிழப்பு சற்றே கூடியதாகவும் சொன்னது. பிரிட்டனில் 20,536 பேரிடம் நடந்த சோதனையில் ரத்தத்தில் ஆல்ஃபா ஏறக்குறைய இரட்டித்தது. இறப்பும் மாரடைப்பும் அசையவில்லை. 39,876 அமெரிக்கப் பெண்களிடம் இதயநோய் இறப்பு 24 சதவீதம் குறைந்தாலும் மொத்த இறப்பு மாறவில்லை. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் தினம் 50 மில்லிகிராமைச் சோதித்தபோது புராஸ்டேட் புற்றுநோய் 32 சதவீதம் குறைந்தது. மூளையில் ரத்தம் கசியும் பக்கவாத இறப்பு கூடியது. 35,533 ஆண்களிடம் 400 யூனிட்டைச் சோதித்த அமெரிக்காவின் செலக்ட் சோதனையிலோ, அதே புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியது என 2011ல் அறிவித்தார்கள். குறைந்த அளவில் ஒரு திசை, எட்டு மடங்கை நெருங்கும் அளவில் எதிர்த்திசை. செலக்டில் காமா கணிசமாகக் குறைந்திருந்ததும் பதிவாகியிருக்கிறது. அதுதான் காரணம் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. சந்தேகப்பட உரிமை உண்டு.

இவ்வளவையும் படித்துவிட்டு வைட்டமின் ஈயை ஒரேயடியாகத் தூக்கியெறிவதும் சரியாகாது. இங்கே மீண்டும் கொல்கத்தா. எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனையின் கல்லீரல் மருத்துவர்கள், அபிஜித் சௌதுரி முதலியோர், பீர்பூம் மாவட்டக் கிராமங்களில் 1,911 பேரைப் பார்த்து 2010ல் எழுதிய கட்டுரை உலகம் முழுதும் பேசப்பட்டது. நூற்றுக்கு ஒன்பது பேர் அளவில் மது சாராத கொழுப்புக் கல்லீரல். அவர்களில் நான்கில் மூன்று பேர் பருமனே இல்லாதவர்கள். வயலில் வேலை செய்யும் மெலிந்த உடம்பிலும் கல்லீரலில் கொழுப்பு! அதே 2010ல் அமெரிக்காவில் அருண் சன்யால் தலைமையில் நடந்த சோதனையின் முடிவும் வந்தது. நீரிழிவு இல்லாத, கொழுப்பால் கல்லீரல் அழற்சி கண்ட 247 பேர். ஒரு குழுவுக்கு 96 வாரம் தினம் 800 யூனிட் இயற்கை வகை வைட்டமின் ஈ. திசுச் சோதனையில் 43 சதவீதம் பேருக்கு முன்னேற்றம். வெற்று மாத்திரைக் குழுவில் 19 சதவீதம். தழும்பு குறைந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் இது உண்மையான பயன். கல்லீரல் மருத்துவர் ஆளைப் பார்த்து, நீரிழிவைப் பார்த்து எழுதிக் கொடுக்கும் இடம் இது. ஸ்கேனில் 'கொழுப்பு' என்று ஒரு வரி வந்ததும் கடையில் தானே வாங்கிச் சாப்பிடும் பழக்கத்துக்கு இந்தச் சோதனை அனுமதி தரவில்லை.

தலசீமியா இன்னொன்று. கிழக்கிந்தியாவில் ஹீமோகுளோபின் ஈ கலந்த தலசீமியா பரவலாக உண்டு. திரும்பத் திரும்ப ரத்தம் ஏற்றிக்கொள்ளும் பிள்ளைகளின் உடம்பில் இரும்பு குவிகிறது; அது ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டி வைட்டமின் ஈயைக் கரைத்துவிடுகிறது. காப்ஸ்யூல் கொடுத்தால் ரத்த அளவு ஏறும், சிவப்பணுச் சவ்வின் சேதம் குறையும். ரத்தம் ஏற்றும் தேவை குறையுமா என்றால், அதற்கு உறுதியான ஆதாரம் சேரவில்லை. ஆர்செனிக் விஷயமும் இதே ரகம். 1980களின் தொடக்கத்தில் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் தோல் மருத்துவர் கே. சி. சாஹா, நிலத்தடி நீரின் ஆர்செனிக் பாதித்த நோயாளிகளை முதலில் அடையாளம் கண்டார். ஆர்செனிக் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தைக் கூட்டுவதால் வைட்டமின் ஈ உதவலாம் என்ற எண்ணம் வந்தது. வங்கதேசத்தில் தோல் பாதிப்பு கண்ட 121 பேரிடம் ஆறு மாதம் செய்து 2005ல் வெளியான சோதனையில் சிறு முன்னேற்றம். புள்ளியியல் கணக்கில் நிற்கவில்லை. அந்த ஊர்களுக்கு முதல் மருந்து ஆர்செனிக் இல்லாத குடிநீர்தான். காப்ஸ்யூல் கொடுத்துக் குழாயை மறந்துவிட்டால் அது ஏமாற்று.

எனக்கு இந்த முழு விஷயத்திலும் மிகவும் ஆர்வம் தருவது ஹாப்டோகுளோபின். சிவப்பணு உடைந்து ரத்தத்தில் சிந்தும் ஹீமோகுளோபினைப் பிடித்து, அதன் இரும்பு சேதம் செய்யாமல் காக்கும் புரதம் அது. ரத்தமே சுமக்கும் ஆன்டி ஆக்சிடன்ட். இதற்கு இரண்டு மரபு வடிவங்கள். இரண்டாம் வடிவத்தைப் பெற்றோர் இருவரிடமிருந்தும் வாங்கியவர்களுக்குக் காவல் பலவீனம். இஸ்ரேலில் இப்படிப்பட்ட நீரிழிவு நோயாளிகள் 1,434 பேருக்கு 400 யூனிட் கொடுத்தும் கொடுக்காமலும் ஒன்றரை ஆண்டு பார்த்தார்கள். 2008ல் வந்த முடிவு: மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் இறப்பு எல்லாம் சேர்த்து, கொடுத்தவர்களில் 2.2 சதவீதம், கொடுக்காதவர்களில் 4.7 சதவீதம். பிறகு அதே குழு, இரண்டாம் வடிவத்தைப் பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வாங்கியவர்களுக்கு வைட்டமின் ஈ எச்.டி.எல். வேலையை மோசமாக்கியதாகவும் சொன்னது. ஒரே காப்ஸ்யூல், ஒருவருக்கு உதவி, பக்கத்து வீட்டுக்காரருக்குக் கெடுதி. முந்தைய பெரிய சோதனைகளில் சராசரி ஏன் பூஜ்யமாக வந்தது என்பதற்கு இது ஒரு விளக்கமாகலாம்.

அந்த இரண்டாம் வடிவம் உலகிலேயே மிக அதிகமாகக் காணப்படும் மக்களில் இந்தியர்கள் உண்டு. நீரிழிவும் நம்மிடம் மிகுதி. மலிவான காப்ஸ்யூல், எளிய மரபுச் சோதனை, நோயாளிகளுக்குப் பஞ்சமில்லாத மருத்துவமனைகள், குஹா காலத்திலிருந்து வரும் உயிர்வேதியியல் மரபு, பீர்பூம் போலக் கிராமத்துக்கே போய் ஆள் ஆளாகப் பார்க்கும் பழக்கம் எல்லாம் கொல்கத்தாவில் இருக்கின்றன. கடுகெண்ணெய் உண்ணும் இந்த மக்களிடம் ஆல்ஃபாவோடு காமாவையும் சேர்த்து அளந்து, ஹாப்டோகுளோபின் வகையைப் பிரித்து, நீரிழிவுக்காரர்களிடம் சில ஆண்டு நடத்தும் ஒரு சோதனைதான் இங்கே தேவை. ஜாதவ்பூரின் இந்திய வேதி உயிரியல் நிறுவனமும் எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனையும் கைகோத்தால் அது எட்டாத காரியமல்ல. வெளிநாட்டுச் சராசரிகளை வைத்து நாம் சாப்பிடவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.

அது நடக்கும்வரை, காரணம் இல்லாமல் தினம் 400 மில்லிகிராம் விழுங்குவதற்கு ஆதாரம் இல்லை என்பதே என் தீர்ப்பு. எண்ணெய், கொட்டைகள், கீரை இவற்றிலிருந்து வருவது போதும். கல்லீரல் மருத்துவரோ ரத்த மருத்துவரோ எழுதிக் கொடுத்திருந்தால் அவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரினோ ஆஸ்பிரினோ சாப்பிடுகிறவர்களும், அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்கியிருப்பவர்களும், பச்சைக் காப்ஸ்யூல் சாப்பிடுவதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லிவிடுங்கள். அதிக அளவு வைட்டமின் ஈ, வைட்டமின் கேயின் வேலையில் குறுக்கிட்டு ரத்தக்கசிவை நீட்டிக்கும்.